காசளவு

பிப்ரவரியில் வர்னா துறைமுகம்.
கையுறைக்குள்ளும் சுத்தியல் சில்லிடுகிறது.
எட்டாம் மேடையில் பார்லி ஏற்ற வந்து நிற்கிறது
நூர் மரீனா.
முகப்பில் பெயர் புத்தம் புதிது.
சாய்ந்த வெயிலில் பார்த்தால்
அதன் அடியில் நான்கு பழைய பெயர்கள்
பற்றவைத்த தழும்புகளாய்ப் புடைத்து நிற்கின்றன.
ஒன்றைக் கூட்டி வாசித்தேன்: ஆஸ்ட்ரிட்.
எங்கோ குளிர்நாட்டில்
யாரோ மகளின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள்.
பின்பக்கம் பறக்கும் கொடியின் நாட்டுக்குக்
கடலே கிடையாது.

கேப்டன் அத்னான் ஹல்லாக்
ஏலக்காய் போட்ட காபி தந்தார்,
பிறகு கோப்பு.
முத்திரைகள் அத்தனையும் சரி.
காகிதத்தில் இந்தக் கப்பல்
மூழ்கவே மூழ்காது.

உயிர்காப்புப் படகை இறக்கச் சொன்னேன்.
நான்கு பேர் தொங்கியும் கைப்பிடி அசையவில்லை.
துருவின் மேல் அப்பிய மசகு
இன்னும் காயக்கூட இல்லை.
"நேற்றுகூடச் சுழன்றதே" என்றார் துணை மாலுமி,
என்னிடம் அல்ல, கைப்பிடியிடம்.
தீயணைப்புக் குழாயைத் திறந்தார்கள்.
ஒன்றுக்குப் போகிற குழந்தையைப் போல
கொஞ்சம் வந்தது, வெட்கப்பட்டு நின்றது.

இரண்டாம் சரக்கறையில் இறங்கும்போது
எண்ணெய் போடும் கொஸ்ஸி பின்னாலேயே வந்தான்.
டோகோ நாட்டுக்காரன். ஒன்பது மாதச் சம்பளம் பாக்கி.
கேப்டன் பக்கத்தில் இருந்ததால் பேசவில்லை.
இடப்பக்கம், நாற்பத்திரண்டாம் சட்டம்.
அதன் முழங்கால் தகட்டில்
தன் தேநீர்க் கோப்பையை வைத்தான்;
மறந்தவனைப் போல
ஏணியேறிப் போய்விட்டான்.

கோப்பையை எடுத்தேன்.
பின்னால் சிமெண்ட் பூசி, மெழுகி,
மேலே சாம்பல் நிறம்.
முதல் அடிக்குச் செதில் உதிர்ந்தது.
இரண்டாவதுக்குச் சிமெண்ட்.
மூன்றாவதில் சுத்தியல் உள்ளே போய்விட்டது.
இழுத்து எடுத்ததும்
காசளவு வெளிச்சம் தரையில் விழுந்தது.
அதன் குறுக்கே
ஒரு கடற்காக்கை பறந்தது.

"நீர்மட்டத்துக்கு மேல்தானே" என்றார் ஹல்லாக்.
"சரக்கு ஏற்றும்வரை" என்றேன்.
பிறகு இருவரும் பேசவில்லை.
இந்தத் துளையை
என்னைவிட நன்றாக அவர் அறிவார்.
அவருக்கும் ஒன்பது மாதம் பாக்கி.

தடுத்துவைப்பு என்று எழுதினேன்.
எழுத ஒரு நிமிடம் ஆனது.
சமையல்காரர்தான் கேட்டார்: "எத்தனை நாள், மேடம்?
அரிசி பதினொரு நாளுக்குத்தான் வரும்."
இருபத்தோரு வருட வேலையில்
இந்தக் கேள்விக்கு மட்டும்
என்னிடம் படிவம் இல்லை.

முதலாளி என்பவர் ஒரு தீவின் அஞ்சல் பெட்டி.
தொலைபேசி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.
மாலுமிகள் சங்கம் உருளைக்கிழங்கு கொடுத்தது.
நான் ஒரு ஜாடி முட்டைக்கோஸ் ஊறுகாய் கொண்டுபோனேன்;
வாங்கிக்கொண்டார்கள்,
கொஸ்ஸி மட்டும் என்னைப் பார்க்கவில்லை.
ஐம்பத்துமூன்றாம் நாள் நீதிமன்றம் ஏலம் விட்டது.
ஒன்பதில் ஆறு மாதச் சம்பளம் தேறியது.
விமான நிலையத்துக்கு வேன் கிளம்பும்போது
கோப்பையை நீட்டினேன்.
"உடைஞ்ச காது, வெச்சுக்குங்க" என்றான்.

உடைப்புத் தளத்துக்குத்தான் போகிறது என்று
புது முதலாளி கையெழுத்திட்டிருந்தார்.

ஜூனில் திரையில் ஒரு கப்பல்.
ஆறாவது பெயர், வேறு கொடி.
பெயரை அழிக்கலாம்,
அந்த ஏழு இலக்கத்தை அழிக்க முடியாது.
போத்தியில் நங்கூரமிட்டிருந்தது.
அங்கிருக்கும் தெமூரை அழைத்தேன்.
"இரண்டாம் சரக்கறை, இடப்பக்கம்,
நாற்பத்திரண்டாம் சட்டம்.
நன்றாகப் பூசியிருப்பார்கள். மூன்று தடவை அடி."
"வெள்ளிக்கிழமை, ரதோஸ்தினா.
நான் ஒருத்தன், கப்பல் ஐந்து" என்றார்.
பிறகு அந்தப் பக்கம்
பேனா உரசும் சத்தம் கேட்டது,
அல்லது வேறு ஏதோ காகிதம்.

காது உடைந்த கோப்பையிலிருந்து
நானும் ஒரு பேனாவை எடுத்தேன்.